வாத்தியார் கோட்டு

அவள் என்னை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவாள். தூத்துக்குடியில் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் எவனும் அண்ணாச்சிதான். பலசரக்குக் கடைக்காரர், மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர், சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர் எல்லாருக்கும் அதே கூப்பாடு. அதில் நான் தனியாக வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிவாக்கில் அவள் கடைப்படி ஏறி, "அண்ணாச்சி, காஜா முடிஞ்சிட்டு" என்று துணி மூட்டையை மேசைமேல் வைக்கும்போது, அந்த ஒரு சொல் மட்டும் இல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான்கு வருடம் நினைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஊருக்குத் தெற்கே புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நாசரேத்துப் பக்கத்துக்காரன். அங்கே தொழிற்பள்ளியில் தையல் படித்து, மதுரையில் ஒரு பெரிய கடையில் கோட்டு வெட்டப் பழகி, இங்கே வந்து தனியாகக் கடை போட்டவன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆனால் ஊரில் பாதி மாப்பிள்ளைகளுக்குக் கல்யாணக் கோட்டு நான்தான் தைத்தேன்.

கோட்டு என்றால் அன்றைக்கு ஒரே வகைதான். கறுப்பு அல்லது கருநீலம். நெஞ்சுக்குள் விறைப்பான கான்வாஸ். தோளில் பேடு, அதாவது பஞ்சை அடுக்கித் தைத்த அரைவட்டத் திண்டு. ஒல்லியான பையன்கூட அதைப் போட்டால் போலீஸ் இன்ஸ்பெக்டர் மாதிரி நிற்பான். மாப்பிள்ளை என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் நினைத்தார், பெண்ணின் தகப்பனார் நினைத்தார், நானும் நினைத்தேன். மாப்பிள்ளை என்ன நினைத்தான் என்று யாரும் கேட்டதில்லை.

அவள் கடற்கரைத் தெருக்காரி. கன்னியாஸ்திரீகளிடம் ஊசிவேலை படித்தவள். என் கடைக்கு வரும் சட்டை, கோட்டுகளுக்கு வீட்டிலிருந்தே காஜா எடுத்துக் கொடுப்பாள். பட்டன் நுழையும் துளையைச் சுற்றி நெருக்கமாக நூல் கட்டும் வேலை அது. சின்ன வேலைதான், ஆனால் கோட்டின் முகமே அதில்தான் இருக்கிறது. எது அவள் எடுத்த காஜா என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்லிவிடுவேன். அப்படித் தடவிப் பார்ப்பதற்கு எனக்கு வேறு காரணமும் இருந்தது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் வேறு சபை, அவள் வேறு சபை. நான் நாசரேத்துக்காரன், அவள் கடற்கரைக்காரி. இரண்டு வீட்டிலும் கிறிஸ்துதான் சுவரில் தொங்கினார் என்றாலும் இடையில் கடலே கிடந்தது. அதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மையில் எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தன் அம்மாவோடு வந்தாள்.

"அண்ணாச்சி, வார ஞாயித்துக்கிழம ஓல வாசிக்காவ எனக்கு" என்றாள். கோவிலில் கல்யாண அறிவிப்பு வாசிப்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள்.

"அப்பிடியா? சந்தோசம்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. "மாப்பிள எந்தக் கப்பல்ல?"

"கப்பல் இல்ல அண்ணாச்சி. வாத்தியாரு. ஒண்ணாப்பு வாத்தியாரு."

அவள் அம்மா பக்கத்திலிருந்து, "தோணி மொதலாளி மவன்தான். தோணியில ஏறுனா அவருக்கு வாந்தி. அதனால படிக்க வச்சிட்டாவ" என்றாள். அதைக் கேட்டு அவள் சிரித்தாள். கேலியாக இல்லை. அந்த வாந்தி எடுக்கிறவனை அவளுக்கு ஏற்கனவே பிடித்துப்போயிருந்தது என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது. கோடு போட்டு முடித்த துணியில் நான் மறுபடியும் கோடு போட்டேன்.

மறுவாரமே தோணி முதலாளி, மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கொழும்புக்குப் பாய்மரத் தோணி விடுகிற ஆள். கடல்மேல் கத்திப் பேசியே பழகிய குரல். கையில் கனத்த கறுப்புத் துணி.

"என்ன வே டெய்லரு, இது சீமத்துணி பாத்துக்கிடும். எம் மவன் மாப்பிளையா நிக்கையில நாலு பேரு நடுங்கணும். அப்பிடித் தைக்கணும்."

மகன் அவர் பின்னால் நின்றான். இருபத்தேழு இருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய கண்கள். சட்டைப்பையில் சாக்பீஸ் தூள். இவனா, என்று நினைத்தேன். இவனிடம் என்ன இருக்கிறது?

அளவெடுக்கும்போது ஒரு மனிதனின் குறையெல்லாம் டெய்லருக்குத் தெரிந்துவிடும். கூன், தொப்பை, ஒரு கை நீளம் ஒரு கை குட்டை. அன்று நான் குறை தேடியே டேப்பைப் பிடித்தேன். கிடைத்தது. இடது தோள் வலதைவிட நன்றாக ஒரு இஞ்சு இறங்கியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. "எடத்தோள் சரிஞ்சிருக்கு" என்று தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னேன்.

"அதத்தான் பேடு வச்சு மறைக்கணும்" என்று சொல்லிவிட்டு முதலாளி தோணிப்பாலத்தில் வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டார்.

அவர் போனதும் மகன் போகாமல் நின்றான். "அண்ணாச்சி, ஒரு காரியம். பேடு வைக்காமத் தைக்க முடியுமா?"

"பேடு இல்லாம கோட்டு நிக்காது."

"நிக்காட்டிப் போவுது. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கு, பதினாலு வயசு. சின்னதுல காய்ச்சல் வந்து கால் ரெண்டும் வெளங்கல. அஞ்சு வயசுலேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு நாந்தான் தூக்கிட்டுப் போறேன். எடத்தோள்ல சாஞ்சுக்கிடுவா. அதனாலதான் இது இப்பிடி எறங்கிப் போச்சு" என்று தன் தோளைத் தானே தொட்டுக் காட்டினான். "கல்யாணத்தன்னைக்கும் கோவிலுக்குள்ள அவள நாந்தான் தூக்கிட்டுப் போவணும். பேடு இருந்தா அவ கன்னத்துல குத்தும்."

நான் குறை என்று கண்டுபிடித்துக் கொண்டாடியது இதைத்தான். "பாப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

பார்க்கவில்லை. அவன் கேட்டதற்கு நேர்மாறாக, எந்தக் கோட்டுக்கும் வைக்காத அளவு தடிமனான பேடு வைத்துத் தைத்தேன். தகப்பனார் சொன்னதைத்தானே செய்கிறேன் என்று மனதுக்குள் நியாயம் வைத்திருந்தேன். அந்தக் கோட்டில் அவன் பொருந்தாமல் நிற்க வேண்டும், அவள் அதைப் பார்க்க வேண்டும், இவனா என்று அவளுக்கும் தோன்ற வேண்டும். அதற்காகத்தான் தைத்தேன்.

ட்ரையலுக்கு அவன் தங்கையையும் தூக்கிக்கொண்டு வந்தான். அது ஒரு செவ்வாய்க்கிழமையாக அமைந்தது எனக்குக் கெட்ட நேரம். தங்கையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டான். நான் நினைத்தபடியே இருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி, தலை உள்ளே புதைந்து, யாரோ கழற்றிப் போட்ட உடுப்புக்குள் ஒளிந்துகொண்டவன் போல நின்றான். கண்ணாடியைப் பார்த்தான். குனிந்து தங்கையைத் தூக்கினான்.

"குத்துதுண்ணே" என்றது அந்தப் பிள்ளை. கன்னத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. "கல்லு மாதிரி இருக்கு. உன் தோளு எங்கண்ணே போச்சு?"

அந்த நேரம் பார்த்து அவளும் அவள் அம்மாவும் மூட்டையோடு படியேறினார்கள். அவனைப் பார்த்ததும் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். அவள் மட்டும் நேராகக் கோட்டைப் பார்த்தாள். நான்கு வருடம் என் கோட்டுகளைத் தொட்டவள். ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இவ்வளவு பேடு எதுக்கு அண்ணாச்சி? தங்கச்சியத் தூக்கணும்ல?" பிறகு அவனைப் பார்த்து, "நீங்க பேடு வேண்டாம்னு சொல்லலியா?" என்றாள். அவர்கள் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"சொல்ல மறந்துட்டேன்" என்றான் அவன். "எம் மேலதான் தப்பு."

எனக்காகப் பொய் சொன்னான். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. கடையில் நாலு பேர் முன்னால் ஒரு ஆள் தலை குனிய வேண்டாம் என்று நினைத்திருப்பான். அவள் "நல்லா மறந்தீங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவனுக்குத்தான் போனது. நான் செய்த கெடுதலிலிருந்துகூட அவனுக்குத்தான் லாபம்.

அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் ஒரு லினன் துணி இருந்தது. சங்கை உடைத்தால் உள்பக்கம் தெரியுமே, அந்த நிறம். வெள்ளையும் இல்லை, சந்தனமும் இல்லை. முன்பு ஒரு கப்பல்காரரிடம் வாங்கி என் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தேன். யாரோடு கல்யாணம் என்று நினைத்து வைத்திருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதை வெளியே எடுத்தேன்.

பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். பூசை முடிந்து கோவிலிலிருந்து வெளியே வரும்போது அவள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நடப்பாள். போட்டிருப்பது அவனாக இருந்தாலும் அவள் பிடிப்பது என் துணி, என் வெட்டு, என் தையல். அந்த நினைப்பில்தான் வெட்டினேன். பொறாமையில் வெட்டிய கோட்டு அது. அதனால்தானோ என்னவோ, அதுவரை செய்யாததையெல்லாம் செய்தேன்.

பேடு இல்லை. நெஞ்சில் கான்வாஸ் இல்லை. உள்ளே ஒரு மல் துணி மட்டும். இரண்டு தோளையும் தனித்தனியாக, இருந்தது இருந்தபடியே வெட்டினேன். இறங்கியது இறங்கியே இருக்கட்டும். தோள் தையலைக் கன்னம் படாதபடி முதுகுப் பக்கம் தள்ளினேன். பிள்ளையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்காமலிருக்க அங்கே ஒரு சதுரத் துண்டு. இடது மார்பில் பை கிடையாது. கழுத்துப் பட்டையின் முனையை வளைத்துவிட்டேன். சிப்பி பட்டன் நான்கு, தூக்கிய பிள்ளையின் காலில் உறுத்தாமலிருக்க மூன்றாவது மட்டும் மடிப்புக்குள் மறைவாக. காஜாவை மட்டும் அவளிடம் கொடுக்கவில்லை. நானே எடுத்தேன். அந்தக் கோட்டில் அவள் கை பட்டுவிட்டால் அது அவர்கள் இரண்டு பேருடையதாகிவிடும்.

அடுத்த ட்ரையலுக்கு முதலாளியும் வந்திருந்தார். மகன் கோட்டைப் போட்டு நின்றதும் அவர் முகம் போன போக்கு!

"என்ன வே இது? மாப்பிளைக்குத் தச்சீரா, பொண்ணுக்குத் தச்சீரா? நான் குடுத்த துணி எங்க?"

"அப்பா, இது நல்லாருக்கு" என்றான் மகன்.

"என்னல நல்லாருக்கு? தோளு தொங்குது. ஊரே சிரிக்கும். தோணிக்காரன் மவன் கொழகொழன்னு நிக்கான்னு சொல்லுவான்."

"சிரிக்கட்டும்ப்பா. நான் இதத்தான் போடுவேன்."

கத்தவில்லை, முறைக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' எழுதச் சொல்லிக் கொடுக்கும் குரலில் சொன்னான். அவன் விட்டுக்கொடுத்துவிடுவான், கறுப்புக் கோட்டையே போட்டுக்கொள்வான் என்று நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். அப்படி நடந்திருந்தால் அவன் கோழை என்று நானாவது நினைத்துக்கொண்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

கல்யாணத்தன்று காலை நான் கோவிலின் பக்கவாசலருகே நின்றேன். முதலாளி முன்னால் நடந்து வந்தார், திரும்பிப் பார்க்காமல். பின்னால் அவன், தங்கையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. யாரும் சிரிக்கவில்லை. அவன் நடுவழியே நடந்துபோய் தங்கையை முதல் பெஞ்சில் உட்கார வைத்து, பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டு, பிறகுதான் பீடத்தடிக்குப் போய் நின்றான். நிமிர்ந்து நிற்கவில்லை. வளையவும் இல்லை. அவனாக நின்றான். நான் தைத்த நூற்றுக்கணக்கான மாப்பிள்ளைகளில் தான் தானாகவே நின்ற முதல் ஆள்.

அவன் தோளில் கறுப்பாக ஒரு தீற்று இருந்தது. தங்கை அழுதிருப்பாள் போலிருக்கிறது, கண்மை ஒட்டியிருந்தது. என் லினன்! எனக்குப் பதறியது. போட்டோக்காரர் ஈரத்துணியோடு ஓடினார். அவன் "இருக்கட்டும்" என்றான். பக்கத்தில் நின்ற அவள் அந்தத் தீற்றைப் பார்த்துவிட்டு, பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வர்ணிக்கப் போவதில்லை. அப்படி ஒருத்தி என்னைப் பார்க்கவில்லையே என்று அன்று பகல் முழுக்கச் சோறு இறங்கவில்லை. வாசலில் அவள் அவன் கையைப் பிடித்தபோது என் துணியைப் பிடிக்கிறாள் என்ற நினைப்பு வரவேயில்லை. அவனைத்தான் பிடித்தாள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஒரு மாதம் கழித்து ஒரு ஆள் கடைக்கு வந்தார். சங்கு குளிக்கிறவர், கதவை அடைக்கிற நெஞ்சு. வாசலில் நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டே, "அந்த வாத்தியார் போட்ட கோட்டு மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும் அண்ணாச்சி" என்றார்.

"ஒமக்கெதுக்கு? நல்ல உடம்புல்லா. பேடு வச்சா சிங்கம் மாதிரி இருப்பீரு."

"வேண்டாம். அம்மைக்குக் கண்ணு தெரியாது. தாலி கட்டி முடிச்சதும் என்னைத் தடவித்தான் பாப்பா. கைக்கு மெத்துன்னு இருக்கணும்."

அன்றிலிருந்து அளவெடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன்: "அன்னைக்கு ஒங்கள யாரு தொடுவாவ?" முதலில் முழிப்பார்கள். பிறகு சொல்வார்கள். மணமேடையில் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, கைக்குட்டைக்கு உள்ளே ஒரு பை வேண்டும் என்றான் ஒரு லாரி டிரைவர். அண்ணன் பிள்ளை மடியை விட்டு இறங்காது, முன்பக்கம் பட்டன் உறுத்தக் கூடாது என்றார் ஒருவர். ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்த ஒருவன் நெடுநேரம் யோசித்துவிட்டு, "யாரும் தொட மாட்டாவ அண்ணாச்சி" என்றான். அவனுக்கு நான் எல்லாருக்கும் வைப்பதைவிட மெல்லிய துணியாகப் பார்த்துக் காலருக்குள் வைத்தேன். அவன் கழுத்தில் அதுவாவது படட்டும்.

தொழில் நன்றாக நடந்தது. திருச்செந்தூர் ரோட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஆனால் வந்த ஒவ்வொருவனும் கேட்டது "வாத்தியார் கோட்டு". யோசித்தவன் நான், வெட்டியவன் நான், என் லினன். பேர் அவனுக்கு. கண்ணாடியில் ஒவ்வொரு மாப்பிள்ளையும் மெதுவாக மூச்சு விட்டு இலகுவாகும்போது, இவனும் வாத்தியார் நின்ற மாதிரிதானே நிற்கிறான் என்று எனக்குக் கரித்தது.

அவள் காஜா வேலையை விடவில்லை. இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவன் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போவான். ஒரு வருடம் இப்படிப் போயிற்று. அவள் மாதமாக இருந்தாள். கை விரலெல்லாம் வீங்கியிருந்தது. ஆனால் வேலை குறையவில்லை.

ஒரு நாள் வந்த மூன்று கோட்டில் காஜாவைத் தடவிக்கொண்டே போனேன். முதல் கோட்டு அவள் கை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் விரல் நின்றது. நெருக்கம் அதேதான், சுத்தம் அதேதான். ஆனால் முடிச்சு இடப்பக்கம் விழுந்திருந்தது. இது அவள் போட்டது இல்லை.

"இது யாரு எடுத்தது?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கண்டுபிடிச்சிட்டீங்களா அண்ணாச்சி! அவுகதான். என் கை வீங்கிக் கெடக்குன்னு ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு வந்து உக்காந்து படிச்சாவ. எத்தன தடவ ஊசி குத்திக்கிட்டாவ தெரியுமா? பக்கத்து வீட்டு ஆம்பளைக எல்லாம் கேலி பண்ணுதாவ. அவுக கேக்கவேயில்ல."

நான் ஊசி பிடித்தே பிழைக்கிறவன். ஆனால் எனக்குத் தெரிந்து ஒரு பெண்ணின் கைவலிக்காக ஒரு ஆண் ஊசி பிடித்ததில்லை. தையல் என்ற அந்த இடம் ஒன்றாவது என்னுடையதாக இருந்தது. துணி, நூல், ஊசி. அங்கேயும் வந்து உட்கார்ந்துவிட்டான். அதுவும் நன்றாகவே செய்திருந்தான்.

"கண்டவன் கை பட்ட வேலை எனக்கு வேண்டாம்" என்று கோட்டு இரண்டையும் மேசையில் எறிந்தேன்.

அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். "கண்டவனா? எம் புருசன் அண்ணாச்சி."

"யாராயிருந்தா என்ன? எடத்துக்கு எடம் கோணிக் கெடக்கு. கடை பேரு கெட்டுரும்."

அவள் குனிந்து அந்தக் காஜாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோணல் இல்லை என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூட்டைத் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போனபின் அவன் எடுத்த காஜாக்களைப் பிளேடால் வெட்டி நானே மறுபடி எடுத்தேன். நன்றாக இருந்ததைப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நூல் விடவேயில்லை.

ஐந்து மாதம் அவள் வரவில்லை. வேறு ஆளிடம் கொடுத்த காஜா பிசிர் பிசிராக வந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு என் கை தானாக நின்றுவிடும். பிள்ளை பிறந்தது என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்க்க முகமில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் வந்தான். இடது தோளில் பச்சைப்பிள்ளை, ஆண் குழந்தை, தூங்கிக்கொண்டிருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து நான் கத்திரியைக் கீழே வைத்தேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, எது கோணலா இருந்துச்சுன்னு காட்டுனா திருத்திக்கிடுவேன். அவ அன்னைக்கு வந்து அழுதா. வேல போச்சேன்னு அழல. நீங்க அப்பிடிச் சொல்லிட்டீங்களேன்னு அழுதா."

ஏதாவது ஒரு குறை சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய்வரை வந்தது. பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சுழித்தது. என்னவோ, என்னால் முடியவில்லை.

"கோணல் ஒண்ணும் இல்ல வாத்தியாரே. நல்ல காஜா. எனக்குத்தான் உங்க மேல பொறாம" என்றேன்.

எதற்குப் பொறாமை என்று அவன் கேட்கவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பிறகு, "எனக்கும் உங்க மேல இருந்துச்சு" என்றான்.

"எம் மேலயா?"

"கல்யாணம் ஆன புதுசுல செவ்வாக்கெழம வந்தாலே எனக்குப் பிடிக்காது. திரும்பி வந்து உங்க பேச்சாத்தான் பேசுவா. அண்ணாச்சி இப்பிடி வெட்டுனாவ, அண்ணாச்சி கண்ணுக்கு ஒரு இழை தப்பாது, அண்ணாச்சி தொட்டே சொல்லிருவாவன்னு. நான் என்ன பெரிசா செஞ்சேன், 'அ' எழுதச் சொல்லிக் குடுக்கேன். அவ கை வலிக்குன்னுதான் ஊசி எடுத்தேன், இல்லேங்கல. ஆனா என் கையையும் ஒரு நா அப்பிடிச் சொல்ல மாட்டாளான்னும் இருந்துச்சு."

இதைக் கேட்டு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, உள்ளங்கால்வரை. அவள் வீட்டில் என் பேச்சு நடந்திருக்கிறது. ஒருவன் அதைக் கேட்டு வயிறெரிந்திருக்கிறான். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அதுதான், அது போதும் போல இருந்தது. பிள்ளை விழித்து அழுதது. "சித்த பிடிங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டு அவன் துணி மாற்ற மூட்டையைப் பிரித்தான். நான் பிள்ளையைத் தோளில் போட்டேன். என் சட்டையை நனைத்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். மூட்டையை வாங்கிக்கொண்டு, "இவ்வளவுதானா அண்ணாச்சி?" என்றாள். நான் இரண்டு கோட்டு கூட வைத்துக் கொடுத்தேன், யார் எடுத்தாலும் சரி என்று சொல்லி.

முப்பத்தாறு வயதில் எனக்கும் கல்யாணம் ஆயிற்று. பெண் சாத்தான்குளத்து டீச்சர். ஊரெல்லாம் மாப்பிள்ளைகள் மெத்தென்ற கோட்டில் நிற்க, அதைத் தைத்தவன் நான் மட்டும் கறுப்புத் துணியில், கான்வாஸும் பேடும் வைத்து, ஆராதனை முடியும்வரை விறைத்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் கோட்டைப் போட்டு நிற்க மனம் ஒப்பவில்லை. கல்யாணம் முடிந்த மறுவாரம் என் மனைவி, "எல்லாருக்கும் பாந்தமாத் தைக்கீங்க. நீங்க மட்டும் ஏன் வாரண்டு கொண்டு வந்த ஆள் மாதிரி நின்னீங்க? தொடவே பயமா இருந்துச்சு" என்றாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லினன் துணியிலிருந்து காஜாவைப் பிரித்ததுவரை. அவள் பாதியில் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "இப்பவும் பொறாம இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"எதுக்கு? அவரு மாதிரி இருக்க முடியலியேன்னா, அவரு பெஞ்சாதி கெடைக்கலியேன்னா?"

எனக்கு அதைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அப்போது பிரிக்கவும் முடிந்திருக்காது. அவளைப் போல ஒருத்தியைப் பெறுவதும் அவனைப் போல இருப்பதும் எனக்குள் ஒன்றாகவே தைத்துக் கிடந்தன. "தெரியல" என்றேன். என் மனைவி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு, காரணமில்லாமல் கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். காஜா மூட்டையோடு வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு பேரும் பேச ஆரம்பித்து, பிள்ளைப்பேறு, மண்ணெண்ணெய் என்று எங்கோ போய், கடைசியில் என்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசியில் வாத்தியாருக்கு மணப்பாட்டுப் பக்கம் மாற்றலாயிற்று. வீட்டைக் காலி செய்துகொண்டு போகும் அன்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ள வந்தார்கள். பிள்ளைகள் இரண்டு, தங்கை கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியைத் தானே ஓட்டி வந்திருந்தாள். அவன் குனிந்து பையை எடுத்தபோது பார்த்தேன், உச்சியில் ஒரு ரூபாய் வட்டத்துக்கு முடி கொட்டியிருந்தது. நான் என் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அடர்த்தியாக இருந்தது. அவர்கள் பஸ் ஏறிப்போன வருத்தத்தையும் மீறி, அன்று சாயங்காலம்வரை எனக்கு மனம் லேசாகவே இருந்தது.